யாருடைய சொத்து? பர்மிங்காமின் கிங் எட்வர்ட் பள்ளிகள்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள பர்மிங்காம் நகரில் ஓர் அறக்கட்டளை மூன்று வகைப் பள்ளிகளை நடத்துகிறது. எட்ஜ்பாஸ்டனில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தனியார் பள்ளிகள், ஒன்று ஆண்களுக்கு, மற்றொன்று பெண்களுக்கு. அங்கே படிக்க ஆண்டுக்கு 15,000 பவுண்டுக்கு மேல் கட்டணம். ஆஸ்டன், கிங்ஸ் ஹீத், பார்ட்லி கிரீன், ஹான்ட்ஸ்வொர்த் ஆகிய பகுதிகளில் ஆறு கிராமர் பள்ளிகள். இவற்றில் கட்டணம் கிடையாது. ஆனால் நுழைவுத் தேர்வில் தேறியவர்களுக்கு மட்டுமே இடம். இவை தவிர, தேர்வே வைக்காமல் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளிகள் சில. எல்லாவற்றின் பெயரிலும் பதினைந்து வயதில் இறந்துபோன ஓர் அரசன் இருக்கிறான்: ஆறாம் எட்வர்ட்.

இந்தப் பள்ளிகளின் வரலாற்றைச் சாதனைப் பட்டியலாகவே எழுதிவிடலாம். நோபல் பரிசு பெற்றவர்கள், ஆயர்கள், ஒரு படைத்தளபதி, உலகம் முழுக்கப் படிக்கப்படும் ஒரு நாவலாசிரியர் என்று பட்டியலுக்குக் குறைவில்லை. ஆனால் இந்த அறக்கட்டளையின் கதையைத் தொடக்கத்திலிருந்து பின்தொடர்ந்தால், ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரே கேள்வி புதிதாக எழுந்து நிற்பதைக் காணலாம். ஓர் ஊரின் பெயரால் வைக்கப்பட்ட சொத்து அந்த ஊரில் யாருக்குச் சேர வேண்டும்? அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளையும், அவை எப்படிக் கிடைத்தன என்பதையும், இன்று கேள்வி எங்கே வந்து நிற்கிறது என்பதையும் இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

பாலம் பழுதுபார்த்த பணம்

1392-இல் பர்மிங்காமில் திருச்சிலுவைச் சங்கம் என்ற பெயரில் ஒரு சமயச் சகோதர சங்கம் உருவானது. ஊர்ப் பெரியவர்களும் வணிகர்களும் அதற்கு நிலங்களை எழுதிவைத்தார்கள். அந்த வருமானத்தில் குருமார்கள் இறந்தவர்களின் ஆன்மாவுக்காக வழிபாடு நடத்தினார்கள். அதே பணத்தில் பாலங்களும் சாலைகளும் பழுதுபார்க்கப்பட்டன; ஏழைகளுக்கு வாடகையில்லாமல் தங்க இடம் கிடைத்தது. நகராட்சி என்று ஒன்று இல்லாத காலத்தில் இந்தச் சங்கம்தான் ஏறக்குறைய ஊராட்சியாக இருந்தது.

சமயச் சீர்திருத்தக் காலத்தில் இது முடிவுக்கு வந்தது. இறந்தோருக்கான வழிபாட்டு மானியங்களை மூடநம்பிக்கை என்று கூறி, 1547-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம் அரசு கைப்பற்றியது. ஊர்மக்கள் மன்றாடினார்கள். 1552 ஜனவரி 2 அன்று அரச சாசனம் ஒன்று வெளியானது. சங்கத்தின் நிலங்களில் ஒரு பகுதி, ஆண்டுக்கு ஏறத்தாழ 21 பவுண்டு வருமானம் தரக்கூடியது, ஒரு பள்ளிக்காக ஊருக்குத் திரும்பத் தரப்பட்டது. அதற்கு ஈடாக ஆண்டுதோறும் 20 ஷில்லிங் அரசுக்குக் கட்ட வேண்டும். ஊர்வாசிகள் 20 பேர் ஆட்சிக்குழுவாக நியமிக்கப்பட்டார்கள். நியூ ஸ்ட்ரீட்டில் இருந்த சங்கத்தின் கூடமே பள்ளிக்கூடமானது.

ஆறாம் எட்வர்ட் கல்வி வள்ளல் என்ற புகழ் இங்கிலாந்தில் நெடுங்காலம் நிலவியது. ஷெர்போர்ன், ஸ்ட்ராட்ஃபோர்ட் எனப் பல ஊர்ப் பள்ளிகள் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஏ. எஃப். லீச் என்ற கல்வி வரலாற்றாசிரியர் 1896-இல் இந்தப் புகழைக் கேள்விக்குள்ளாக்கினார். மானியங்களைப் பறித்ததால் பல ஊர்ப் பள்ளிகள் நலிந்தன, அரசன் பெயரில் 'நிறுவப்பட்ட' பள்ளிகள் பலவும் ஏற்கெனவே இருந்தவை என்பது அவர் வாதம். அவருடைய கணக்குகளைப் பின்வந்தவர்கள் திருத்தினாலும், பர்மிங்காமைப் பொறுத்தவரை அடிப்படை உண்மை தெளிவானது. அரசன் தன் கருவூலத்திலிருந்து எதையும் தரவில்லை. ஊர் சேர்த்த சொத்தை அரசு எடுத்துக்கொண்டது, அதில் ஒரு பங்கை ஊருக்குத் திருப்பித் தந்தது. இந்த அறக்கட்டளையின் சொத்து யாருடையது என்ற வாதத்தில் முதல் சான்று இதுவே.

லத்தீன் போட்ட பூட்டு

கிராமர் பள்ளி என்பது அந்தக் காலத்தில் லத்தீன் இலக்கணம் கற்பிக்கும் பள்ளி. தேவாலயம், நீதிமன்றம், பல்கலைக்கழகம் மூன்றுக்கும் லத்தீன்தான் வழி. ஆகவே 1552-இல் லத்தீன் கற்பிப்பது வறிய வீட்டுப் பையனுக்கும் வாழ்வில் ஏற வழிசெய்வதாகவே இருந்தது. ஆனால் பர்மிங்காம் வேறு திசையில் வளர்ந்தது. இரும்பு, பித்தளை, துப்பாக்கி, பொத்தான், பேனா முனை என்று சிறு பட்டறைகளின் நகரமாக அது மாறியது. பட்டறைக்காரருடைய மகனுக்குக் கணக்கும் வரைபடமும் இயற்பியலும் வேண்டியிருந்தன. பள்ளியோ லத்தீன் கவிஞர் ஹோரேசைக் கற்பித்துக்கொண்டிருந்தது.

பாடத்தை மாற்ற ஆட்சிக்குழு நினைத்தாலும் சட்டம் குறுக்கே நின்றது. 1805-இல் லீட்ஸ் கிராமர் பள்ளி வழக்கில் எல்டன் பிரபு அளித்த தீர்ப்பின்படி, லத்தீனும் கிரேக்கமும் கற்பிப்பதற்கென்று வைத்த பணத்தை வேறு பாடங்களுக்குத் திருப்பக் கூடாது. நிறுவியவரின் எண்ணத்தைக் காப்பது என்ற நல்ல கோட்பாடு, நிறுவிய காலத்தின் பாடத்திட்டத்தைக் காப்பதாகச் சுருங்கிவிட்டது. இந்தக் கட்டைத் தளர்த்தும் பொதுச் சட்டம் 1840-இல்தான் வந்தது. பர்மிங்காம் அதுவரை காத்திருக்கவில்லை. 1831-இல் தனக்கென்று ஒரு நாடாளுமன்றச் சட்டத்தைப் பெற்றது. பழைய பள்ளியோடு, வணிகத்துக்கும் தொழிலுக்கும் செல்லும் பிள்ளைகளுக்காக ஆங்கிலப் பள்ளி ஒன்றையும், நகரின் பல பகுதிகளில் தொடக்கப் பள்ளிகளையும் நடத்த அது வழிவகுத்தது. தொடக்கப் பள்ளிகளில் சிறுமிகளுக்கும் இடமிருந்தது.

இதற்கான பணம் நிலத்திலிருந்து வந்தது. 1552-இல் ஊரை ஒட்டிய வயலாகவும் மேய்ச்சல் நிலமாகவும் இருந்தவை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரின் நடுவே கடைகளும் வீடுகளும் நிற்கும் மனைகளாகியிருந்தன. 21 பவுண்டு வருமானம் ஆயிரக்கணக்கான பவுண்டுகளாக உயர்ந்தது. யாருடைய உழைப்பால் அந்த மனைகளின் மதிப்பு உயர்ந்தது என்று கேட்டால், பர்மிங்காமின் பட்டறைகளில் வேலைசெய்த அத்தனை பேருடைய உழைப்பாலும் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு சொத்து ஊரால் உருவாவதோடு நின்றுவிடுவதில்லை, ஊரால் வளரவும் செய்கிறது என்பது இரண்டாவது சான்று.

புதிய வருமானத்தைக் கொண்டு 1830-களில் நியூ ஸ்ட்ரீட்டில் சார்லஸ் பேரி கோதிக் பாணியில் புதிய பள்ளிக் கட்டடத்தை எழுப்பினார். அதன் உள்வேலைகளில் அவரோடு இளைஞர் புஜின் பணியாற்றினார். பின்னர் இருவரும் சேர்ந்துதான் லண்டனில் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வடிவம் கொடுத்தார்கள். 1838 முதல் 1848 வரை தலைமையாசிரியராக இருந்த ஜேம்ஸ் பிரின்ஸ் லீயிடம் படித்தவர்களில் மூவர் ஆங்கிலத் திருச்சபையின் உச்சிக்குப் போனார்கள். பென்சன் கேன்டர்பரி பேராயரானார். லைட்ஃபுட்டும் வெஸ்ட்காட்டும் ஒருவர் பின் ஒருவராக டர்ஹாமின் ஆயர்களானார்கள். ஓவியர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் 1840-களில் இங்கே சேர்ந்தார். நியூ ஸ்ட்ரீட்டுக்கு அருகே சட்டகம் செய்து விற்ற ஒரு சிறு தொழிலாளியின் மகன் அவர். திறமைக்கு வாசல் திறந்தால் என்ன நடக்கும் என்பதைப் பள்ளி அப்போதே காட்டிவிட்டது.

1883: ஒரு பள்ளி பல பள்ளிகளானது

வாசலின் சாவி மட்டும் சிலர் கையில் இருந்தது. ஆட்சிக்குழு தன் உறுப்பினர்களைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டது. ஆங்கிலத் திருச்சபையைச் சாராதவர்கள் பெருவாரியாக வாழ்ந்த, தொழில்துறையில் முன்னின்ற நகரில், பள்ளியின் ஆட்சி திருச்சபைக்காரர்களின் கையில் இருந்தது. 1860-களில் நகரத்தின் சீர்திருத்தவாதிகள் இதை வெளிப்படையாக எதிர்த்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அரசு கல்வி தர வேண்டும் என்று போராடிய தேசியக் கல்விக் கழகம் 1869-இல் தோன்றியதும் இதே நகரில்தான். சில ஆண்டுகள் கழித்து மேயரான ஜோசப் சேம்பர்லின் அதன் முன்னணித் தலைவர்களில் ஒருவர்.

அதே 1869-இல் இன்னொரு பெரிய மாற்றமும் வந்தது. நாடெங்கும் உள்ள மானியப் பள்ளிகளை ஆராய 1864-இல் அமைக்கப்பட்ட டான்டன் ஆணையம் 1868-இல் அறிக்கை தந்திருந்தது. பழைய மானியங்கள் பல ஊர்களில் பயனற்றுக் கிடப்பதையும், பெண்களுக்கு உயர்நிலைக் கல்வியே ஏறக்குறைய இல்லாததையும் அது பதிவுசெய்தது. அடுத்த ஆண்டு வந்த மானியப் பள்ளிகள் சட்டம், நூற்றாண்டுகளுக்கு முந்தைய அறக்கட்டளை விதிகளைத் திருத்தியெழுதும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியது. பர்மிங்காமுக்கான புதிய செயல்திட்டம் 1878-இல் உருவாயிற்று. நகர மன்றத்தின் பிரதிநிதிகளும் ஆட்சிக்குழுவில் அமர்ந்தார்கள்.

1883-இல் அதன் விளைவு கண்ணுக்குத் தெரிந்தது. நியூ ஸ்ட்ரீட்டின் ஆண்கள் பள்ளிக்கு இணையாகப் பெண்களுக்கு உயர்நிலைப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. ஆஸ்டனிலும் கேம்ப் ஹில்லிலும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் கிராமர் பள்ளிகள் திறக்கப்பட்டன. ஃபைவ் வேஸில் ஆண்களுக்கு ஒன்று. ஆஸ்டனின் பெண்கள் பள்ளி 1911-இல் ஹான்ட்ஸ்வொர்த்துக்கு இடம்பெயர்ந்து இன்றும் அங்கே நடக்கிறது. கேம்ப் ஹில் பள்ளிகள் 1950-களில் கிங்ஸ் ஹீத்துக்கும், ஃபைவ் வேஸ் 1958-இல் பார்ட்லி கிரீனுக்கும் போயின. ஊர் பெயர்ந்தாலும் பழைய பெயர்களை விடவில்லை. ஃபைவ் வேஸ் 1998-இல் இருபாலர் பள்ளியானது.

பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் முதல் தலைமையாசிரியர் ஈடித் கிரீக். கேம்பிரிட்ஜின் நியூனம் கல்லூரி தொடங்கியபோது சேர்ந்த முதல் ஐந்து மாணவிகளில் ஒருவர். 1883 முதல் 1910 வரை பள்ளியை நடத்தினார். பெண்களுக்குக் கணக்கும் அறிவியலும் ஆண்களுக்கு நிகராகக் கற்பிக்கப்பட வேண்டும் என்ற நிலைப்பாட்டில் பள்ளி வளர்ந்தது. அங்கே படித்த ஹில்டா லாயிட் பின்னாளில் மகப்பேறு மருத்துவர்களுக்கான அரச கல்லூரியின் முதல் பெண் தலைவரானார். 1552-க்கும் 1883-க்கும் இடையே 331 ஆண்டுகள். அத்தனை காலமும் ஊரின் சொத்திலிருந்து உயர்நிலைக் கல்விக்கான பங்கு ஊரின் மகள்களுக்குக் கிடைக்கவில்லை. சாசனத்தில் பெண்களைத் தடுக்கும் தனி விதி தேவைப்படவே இல்லை. வழக்கம் ஒன்றே போதுமாக இருந்தது. அதை உடைக்க நாடாளுமன்றச் சட்டம் தேவைப்பட்டது.

இந்தச் சீர்திருத்தத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அதுவரை இலவசமாக இருந்த கல்விக்குக் கட்டணம் வந்தது. கட்டணம் கட்ட முடியாதவர்களுக்குப் போட்டித் தேர்வின் மூலம் உதவித்தொகை. ஆட்சிக்குழுவினரின் தயவால் கிடைத்த இடம், இனி மதிப்பெண்ணால் கிடைக்கும் என்பது முன்னேற்றம்தான். ஆனால் ஏழைப் பிள்ளை மட்டும் தன் தகுதியை நிரூபித்தாக வேண்டும், வசதியுள்ள பிள்ளை கட்டணம் செலுத்தினால் போதும் என்ற ஏற்றத்தாழ்வும் அப்போதே கூடவே வந்துவிட்டது. இன்றைய விவாதத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இருமுறை தேர்வெழுதிய சிறுவன்

இந்த ஏற்பாடு ஒரு பிள்ளையின் வாழ்வில் எப்படி வேலைசெய்தது என்பதற்கு நன்கு பதிவான எடுத்துக்காட்டு, தொடக்கத்தில் குறிப்பிட்ட நாவலாசிரியர் ஜே. ஆர். ஆர். டோல்கியன். தென்னாப்பிரிக்காவில் தந்தையை இழந்து, தாயோடு பர்மிங்காம் பகுதியில் வளர்ந்தவர். 1899-இல், எட்டு வயது நிறைவதற்கு முன்பே, கிங் எட்வர்ட் பள்ளியின் நுழைவுத் தேர்வை எழுதினார், இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு மீண்டும் எழுதித் தேறினார். ஆண்டுக் கட்டணமான 12 பவுண்டை உறவினர் ஒருவர் கட்டினார். 1902-இல் குடும்பச் சூழலால் கட்டணம் குறைந்த கத்தோலிக்கப் பள்ளி ஒன்றுக்கு மாறினார். 1903-இல் அறக்கட்டளையின் உதவித்தொகையை வென்று கிங் எட்வர்டுக்கே திரும்பினார். அடுத்த ஆண்டு தாயும் இறந்தார். பழைய ஆங்கிலத்திலும் மொழிகளின் வரலாற்றிலும் அவருக்கிருந்த ஆர்வத்தை ஊக்கிய ஆசிரியர்கள் அந்தப் பள்ளியில் கிடைத்தார்கள்.

இந்தக் கதையைப் பள்ளியின் பெருமையாக மட்டும் வாசித்தால் பாதியை இழந்துவிடுவோம். ஒரே சிறுவன் ஓர் ஆண்டு தேறவில்லை, மறு ஆண்டு தேறினான். இடையில் அவன் மேதையாகிவிடவில்லை. மறுபடியும் எழுத வாய்ப்பு இருந்தது, கற்றுக்கொடுத்த தாய் இருந்தார், கட்டணம் கட்ட உறவினர் இருந்தார், பிறகு அறக்கட்டளையின் பணம் இருந்தது. இந்த நான்கில் ஒன்று குறைந்திருந்தாலும் கதை வேறாகியிருக்கும். சிறு வயதுத் தேர்வு ஒன்று ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்வது மிகக் கொஞ்சம். அந்தப் பிள்ளையைச் சுற்றி யார் நிற்கிறார்கள் என்பதைப் பற்றியும் அது சொல்கிறது.

1944-க்குப் பின்

இருபதாம் நூற்றாண்டில் அரசு கல்விச் செலவை ஏற்கத் தொடங்கியதும் அறக்கட்டளைகளின் இடம் மாறியது. அரசு மானியம் பெறும் உயர்நிலைப் பள்ளிகள் தம் இடங்களில் 25 சதவீதத்தைத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று 1907-இல் விதி வந்தது. 1944-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அரசு ஆதரவில் நடக்கும் உயர்நிலைப் பள்ளிகளில் கட்டணத்தையே ஒழித்தது. 11 வயதை ஒட்டி நடக்கும் 'லெவன் பிளஸ்' தேர்வு, யார் கிராமர் பள்ளிக்கு, யார் மற்றப் பள்ளிகளுக்கு என்று முடிவுசெய்தது.

கிங் எட்வர்ட் குடும்பம் இங்கே இரண்டாகப் பிரிந்தது. கிராமர் பள்ளிகள் அரசு செலவில் நடந்தாலும் அறக்கட்டளையின் உரிமை நீடிக்கும் வகைக்குள் வந்தன. 1936-இல் நியூ ஸ்ட்ரீட்டை விட்டு எட்ஜ்பாஸ்டனுக்குச் சென்றிருந்த ஆண்கள் பள்ளியும், அதன் சகோதரிப் பள்ளியும் அரசிடமிருந்து நேரடி மானியம் பெற்று, கணிசமான இலவச இடங்களோடு நடந்தன. 1976-ஐ ஒட்டி நேரடி மானியம் நிறுத்தப்பட்டபோது அவை முழுத் தனியார் பள்ளிகளாயின. வறிய மாணவர்களின் கட்டணத்தை அரசே செலுத்தும் திட்டம் 1980-இல் தொடங்கி, 1997-இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சியால் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன்பின் உதவித்தொகைக்கு அறக்கட்டளையின் வருமானமும் பழைய மாணவர்களின் நன்கொடையுமே ஆதாரம்.

கிராமர் பள்ளிகளுக்கு வந்த சோதனை வேறு. 1965-இல் அந்தோனி கிராஸ்லேண்ட் கல்வியமைச்சராக இருந்தபோது, தேர்வின்றி எல்லாப் பிள்ளைகளையும் சேர்க்கும் பொதுப் பள்ளிகளுக்கு மாறும்படி உள்ளாட்சிகளுக்கு அரசு சுற்றறிக்கை அனுப்பியது. நாடெங்கும் நூற்றுக்கணக்கான கிராமர் பள்ளிகள் மறைந்தன. பர்மிங்காமிலும் உள்ளாட்சியின் நேரடிப் பொறுப்பில் இருந்தவற்றில் பெரும்பாலானவை மாறின. அறக்கட்டளையின் பள்ளிகளை ஆட்சிக்குழுவின் ஒப்புதல் இல்லாமல் எளிதில் மாற்ற முடியவில்லை. மாறும்படி கட்டாயப்படுத்திய 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தை, 1979-இல் தாட்சர் அரசு வந்தவுடன் நீக்கியது. இப்படியாக அவை தப்பின. இன்று இங்கிலாந்தில் எஞ்சியிருப்பவை 163 கிராமர் பள்ளிகள். புதியவற்றைத் திறக்க 1998-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்திருக்கிறது. பர்மிங்காமில் எட்டு உள்ளன. ஆறு இந்த அறக்கட்டளையைச் சேர்ந்தவை.

ஆறாவதாகச் சேர்ந்தது 1862-இல் தொடங்கிய ஹான்ட்ஸ்வொர்த் கிராமர் பள்ளி. 2017-இல் குடும்பத்துக்குள் வந்தது. அதை நிறுவியது டேம் ஆற்றின் பாலங்களைப் பராமரிக்க ஏற்பட்ட ஒரு பழைய அறநிதி. திருச்சிலுவைச் சங்கமும் பாலம் பராமரித்த அமைப்புதான். ஊர் கடந்துபோகப் பாலம் கட்டிய இரண்டு பணங்களும் இறுதியில் ஒரே கல்வி அறத்தில் வந்து கலந்தன. அறப்பணம் காலத்தின் தேவைக்கேற்பத் தன் வேலையை மாற்றிக்கொள்ளும்போது நிறுவியவர்களுக்குத் துரோகம் செய்வதில்லை என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைக்காது.

பழைய மாணவர்கள் எதை நிரூபிக்கிறார்கள்?

பெரும் பெயர்களை இந்த இடத்தில் நிதானமாகப் பார்க்க வேண்டும். டிஎன்ஏவின் அமைப்பைக் கண்டறிந்த ஆய்வுக்காக 1962-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மாரிஸ் வில்கின்ஸ் ஆண்கள் பள்ளியில் படித்தவர். ஆஸ்பிரின் உடலில் எப்படி வேலைசெய்கிறது என்று கண்டறிந்து 1982-இல் அதே பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜான் வேனும், 1998-இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற கணிதவியலாளர் ரிச்சர்ட் போர்செர்ட்சும் அங்கே படித்தவர்கள். ஓடியன் திரையரங்குகளை நிறுவிய ஆஸ்கர் டாய்ச் ஃபைவ் வேஸில் படித்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மாவை மீட்ட பதினான்காம் படையின் தளபதி வில்லியம் ஸ்லிம் ஓர் இரும்புச் சாமான் வணிகரின் மகன். அந்தப் படையில் மிகப் பெரும் பங்கு இந்திய வீரர்கள். அவர் தளபதியாகப் பெற்ற புகழ் அவர்களுடைய உழைப்பிலும் உயிரிலும் நின்றது.

குடியேற்றத்துக்கு எதிராக 1968 ஏப்ரலில் பர்மிங்காமிலேயே பேசி நாட்டைப் பிளந்த இனோக் பவலும் இந்தப் பள்ளியின் மாணவர்தான். ஆசிரியத் தம்பதியின் மகன். செம்மொழிகளில் அபாரப் புலமை கொண்டவர். அவர் யாருடைய வருகையை அஞ்சிப் பேசினாரோ, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று ஆஸ்டன், ஹான்ட்ஸ்வொர்த், கேம்ப் ஹில் பள்ளிகளின் வகுப்புகளில் பெருந்தொகையாக அமர்ந்திருக்கிறார்கள். பஞ்சாபிலிருந்தும் மீர்பூரிலிருந்தும் சில்ஹெட்டிலிருந்தும் வந்த வார்ப்படத் தொழிலாளர்களும் பேருந்து ஓட்டுநர்களும் கடைக்காரர்களும் பர்மிங்காம்காரர்களானார்கள். ஊர் என்பது யார் என்ற கேள்விக்கு வகுப்பறை தந்திருக்கும் விடை அது.

பட்டியல் காட்டுவது ஒன்றுதான்: நல்ல ஆசிரியர், நல்ல நூலகம், நல்ல ஆய்வகம் ஆகியவற்றை ஓர் எளிய குடும்பத்துப் பிள்ளைக்கும் கொடுத்தால் அந்தப் பிள்ளை எவ்வளவு தூரமும் போகும். வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள் போயிருக்க மாட்டார்கள் என்பதை அது நிரூபிப்பதில்லை.

இன்றைய வாசல்

இன்று ஒரு பர்மிங்காம் பிள்ளை ஆறாம் வகுப்பு தொடங்கும் செப்டம்பரில், பெரும்பாலும் பத்து வயதில், நுழைவுத் தேர்வு எழுதுகிறது. மொழித்திறன், கணக்கு, வடிவங்களைக் கொண்டு தர்க்கம் செய்தல் ஆகியவை பாடம். அடுத்த மார்ச்சில் எந்தப் பள்ளி என்று தெரிந்துவிடும். நெடுங்காலம் இடங்கள் மதிப்பெண் வரிசையில் நிரப்பப்பட்டன, தூரம் பொருட்டில்லை. நகருக்கு வெளியிலிருந்து ரயிலேறி வரும் பிள்ளைக்கு இடம் கிடைக்கும், பள்ளியின் எதிர்த் தெருப் பிள்ளைக்குக் கிடைக்காமல் போகும். தேர்வுக்குத் தயார்செய்யும் டியூஷன் ஒரு தொழிலாக வளர்ந்தது. டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் மதிப்பீட்டு மையம் உருவாக்கிய தேர்வு பயிற்சிக்கு எளிதில் வளையாது என்று எதிர்பார்க்கப்பட்டது. டியூஷன் அதற்கும் வழி கண்டுபிடித்தது.

ஆய்வுகள் காட்டும் படம் கவலை தருவது. சட்டன் அறக்கட்டளை 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இங்கிலாந்தின் கிராமர் பள்ளிகளில் சேர்ந்தவர்களில் இலவச மதிய உணவுக்குத் தகுதியுள்ளவர்கள் 3 சதவீதத்துக்கும் குறைவு. தேர்வுமுறை நிலவும் பகுதிகளின் சராசரியோ 18 சதவீதம். 2016-இல் கல்விக் கொள்கை நிறுவனம் நடத்திய ஆய்வு, கிராமர் பள்ளி மாணவர்களுக்கு ஒவ்வொரு பாடத்திலும் ஒரு தரநிலையின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சிறு நன்மை இருப்பதாகக் கண்டது. ஆனால் ஒட்டுமொத்தமாக நாட்டின் தேர்ச்சியை அந்தப் பள்ளிகள் உயர்த்தவில்லை என்றும் அது முடிவுசெய்தது. டர்ஹாமின் கோரார்டும் சித்திக்கியும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு மேலும் ஒரு படி போனது. மாணவர்களின் முந்தைய மதிப்பெண், குடும்ப வறுமை ஆகியவற்றைக் கணக்கில் கொண்டால், கிராமர் பள்ளிகளின் மேம்பட்ட முடிவுகளுக்குக் காரணம் அவை சேர்த்துக்கொள்ளும் பிள்ளைகளே என்றது.

இந்த முடிவுகளை அப்படியே பர்மிங்காம் மீது ஏற்றுவதில் கவனம் வேண்டும். கென்ட் மாவட்டத்தில் 30-க்கு மேற்பட்ட கிராமர் பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பிள்ளையின் வழியையும் தேர்வே பிரிக்கிறது. 11 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் பர்மிங்காமில் எட்டுதான். பெரும்பான்மைப் பிள்ளைகள் தேர்வற்ற பள்ளிகளில் படிக்கிறார்கள், அவற்றில் மிகச் சிறந்தவையும் உண்டு. ஆகவே இங்கே கேள்வி, மீதிப் பிள்ளைகளின் பள்ளிகள் சிதைகின்றனவா என்பதைவிட, இந்தக் குறைந்த இடங்கள் யாரைச் சென்றடைகின்றன என்பதே.

இந்த இடத்தில் அறக்கட்டளை எடுத்த முடிவுகள் பாராட்டுக்குரியவை. 2010-களின் நடுப்பகுதியிலிருந்து வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கென்று இடங்கள் ஒதுக்கப்பட்டன; அவர்களுக்குத் தேவையான மதிப்பெண்ணும் தளர்த்தப்பட்டது. 2020 சேர்க்கையிலிருந்து அந்த ஒதுக்கீடு கால்வாசி ஆனது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு சுற்றுவட்டாரம் வரையறுக்கப்பட்டு, குறிப்பிட்ட மதிப்பெண்ணை எட்டிய உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை வந்தது. தரம் தாழும் என்று சிலர் எதிர்த்தார்கள். தரம் என்பது டியூஷனில் செலவழித்த பணத்தையும் சேர்த்து அளக்கும்போது அதைக் காப்பதில் பொருளில்லை. 1907-இல் அரசு விதித்த அதே 25 சதவீதத்துக்கு ஒரு நூற்றாண்டு கழித்து மீண்டும் வர வேண்டியிருந்தது. திறந்த வாசல் தானாகத் திறந்தே இருப்பதில்லை, கவனிக்காவிட்டால் வசதியுள்ளவர்களின் பக்கமே மெல்லச் சாய்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது.

தேறாத பிள்ளைகளின் பள்ளிகள்

என் பார்வையில், 1883-க்குப் பின் இந்த அறக்கட்டளை எடுத்த மிக முக்கியமான முடிவு 2010-இல் எடுக்கப்பட்டது. நகரின் கிழக்கே, தேர்வே இல்லாத ஷெல்டன் ஹீத் பள்ளியை அது தன் பொறுப்பில் ஏற்றது. பின்னர் ஹான்ட்ஸ்வொர்த் வுட், நார்த்ஃபீல்ட், லார்ட்ஸ்வுட் பெண்கள் பள்ளிகளும் பலாம் வுட் பள்ளியும் கிங் எட்வர்ட் என்ற பெயரை ஏற்றன. அந்தப் பெயர், எந்தத் தேர்விலும் தேற வேண்டிய அவசியம் இல்லாத பிள்ளைகளின் சட்டையிலும் ஏறியது.

பெயர் மட்டும் போதாது என்பது உண்மை. கிராமர் பள்ளியில் முடிவுகள் நன்றாக வருவதற்குத் தேர்ந்தெடுத்த மாணவர்களே பாதிக் காரணம். இங்கே அந்த வசதி இல்லை. வறுமை, அடிக்கடி வீடு மாறும் குடும்பங்கள், நிலைக்காத ஆசிரியர்கள் ஆகியவற்றோடு போராட வேண்டும். கல்வி நிறுவனமாக அறக்கட்டளையின் திறமை உண்மையில் சோதிக்கப்படும் இடம் இதுதான். கெட்டிக்காரப் பிள்ளைகளைச் சேர்த்துக் கெட்டிக்காரர்களாக அனுப்புவது ஒரு திறமை. எந்தப் பிள்ளை வந்தாலும் அதைத் தன் எல்லையைத் தாண்ட வைப்பது வேறொரு திறமை.

அதற்கான வளங்கள் ஒரே குடும்பத்துக்குள் இருக்கின்றன. இயற்பியலுக்கும் கணக்குக்கும் ஆசிரியர் கிடைக்காமல் திணறும் பள்ளிக்கு, சில மைல் தொலைவில் அவற்றை மிகச் சிறப்பாகக் கற்பிக்கும் சகோதரப் பள்ளி இருக்கிறது. ஆய்வகங்கள், இசைக்கூடங்கள், மைதானங்கள், பல்கலைக்கழக விண்ணப்பத்தில் வழிகாட்டுவோர் எல்லாம் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஓரிரு நாள் கூட்டு நிகழ்ச்சி என்ற அளவில் இது நின்றுவிடக் கூடாது. ஆசிரியர்களின் வேலை ஒப்பந்தத்திலும் வரவுசெலவுத் திட்டத்திலும் பகிர்வு இடம்பெற வேண்டும். தனியார் பள்ளிக் கட்டணத்தின் மீது 2025 ஜனவரி முதல் 20 சதவீத மதிப்புக்கூட்டு வரி வந்திருக்கும் சூழலில், அறக்கட்டளையாக நீடிப்பதன் நியாயத்தைத் தனியார் பள்ளிகள் செயலில் காட்டியாக வேண்டும்.

தொகுத்துப் பார்த்தால்

இந்த நீண்ட வரலாற்றில் ஒரு போக்கு தெளிவாகத் தெரிகிறது. 1831, 1878, 1944, 2010-கள் என்று அறக்கட்டளை தன் வாசலை அகலமாக்கிய ஒவ்வொரு முறையும், வெளியிலிருந்து வந்த அழுத்தமோ சட்டமோ நகரத்தின் கோபமோ அதற்குப் பின்னால் இருந்தது. ஒவ்வொரு முறையும் தரம் கெடும் என்ற அச்சம் எழுந்தது. ஆங்கிலமும் கணக்கும் வந்ததால் லத்தீன் அழியவில்லை. பெண்கள் வந்ததால் பள்ளி தாழவில்லை. அதன் மிகப் பெருமைக்குரிய கிளைகளில் ஒன்று பெண்களுடையது. கட்டணம் நீங்கியதால் கிராமர் பள்ளிகள் சரியவில்லை. அகலமாக்கிய எந்த முடிவையும் இன்று தவறு என்று சொல்லக் காரணமில்லை.

கிராமர் பள்ளிகளை நாளையே கலைத்துவிடச் சொல்வோர் உண்டு. அவற்றைப் பெருக்கச் சொல்வோரும் உண்டு. பத்து வயதில் பிள்ளைகளைப் பிரிப்பது நியாயமில்லை என்பதே என் கருத்து. ஆனால் அந்தச் சட்டத்தை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை. அதுவரை அறக்கட்டளை செய்யக்கூடியவை குறைவல்ல. வறிய பிள்ளைகளுக்கான கால்வாசியை ஒதுக்கீட்டின் உச்ச வரம்பாகக் கருதாமல், தொடக்கப் புள்ளியாகக் கொள்ளலாம். பத்து வயதில் தவறவிட்ட பிள்ளைக்குப் பன்னிரண்டிலும் பதினாறிலும் தாராளமாக மீண்டும் வாசல் திறக்கலாம். டோல்கியனுக்கு இரண்டாம் வாய்ப்பு தந்த நிறுவனம் அதைத் தன் மரபாகவே உரிமை கோரலாம். தேர்வற்ற பள்ளிகளின் முன்னேற்றத்தை, கிராமர் பள்ளிகளின் மதிப்பெண்களுக்கு முன்னால் வைத்து ஆண்டறிக்கை எழுதலாம்.

1552-இன் சாசனம் ஊரின் 20 பேரிடம் கொடுத்தது பாதுகாக்கும் பொறுப்பை மட்டுமே. சொத்து எப்போதும் ஊருடையது. பர்மிங்காம் என்ற ஊர் இன்று ஷெல்டனும் ஹான்ட்ஸ்வொர்த்தும் நார்த்ஃபீல்டும் சேர்ந்தது. தேர்வில் தேறியவர்களும் தேறாதவர்களும் தேர்வே எழுதாதவர்களும் சேர்ந்தது. அவர்கள் அத்தனை பேருக்கும் தன் பங்கைத் தருகிறதா என்பதை வைத்தே இந்த அறக்கட்டளையை இனி மதிப்பிட வேண்டும். நோபல் பரிசுகளின் எண்ணிக்கை அந்தக் கணக்கில் இரண்டாவதாகத்தான் வரும்.